பேனாவே இல்லாத பேனாச் சத்தம்

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது.

என் பழைய நாவல் ஒன்றை ஒலிப்புத்தகமாக்கியிருந்தார்கள். தான் எழுதியதைத் தானே காதால் கேட்பது ஒரு தண்டனை. கண்ணுக்குத் தப்பிய ஓட்டையெல்லாம் காதில் இடிக்கும். இருந்தாலும் காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்டேன். பதினோராம் அத்தியாயத்தில் ஒரு பெண், தன்னை விட்டுப் போன கணவனுக்குக் கடிதம் எழுத உட்காருகிறாள். ‘எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள்’ என்று நான் எழுதியிருந்தேன். வாசித்த குரல் அந்த இடத்தில் நிறுத்தியது. நிறுத்தத்துக்குள் சரக், சரக், சரரக் என்று ஒரு சத்தம்.

காகிதத்தின் மேல் பேனா ஓடும் சத்தம் என்று கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நாவலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதவர்கள்கூடப் பேனாவைப் புகழ்ந்து எழுதினார்கள்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அது பேனா இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். அது ஒருவர் தன் தலையைச் சொறியும் சத்தம்.

(இந்த வரியைப் படித்ததும் உங்கள் கை தலைக்குப் போயிருந்தால் வெட்கப்பட வேண்டாம். எழுதும்போது எனக்கும் போனது.)

2

அந்தக் குரலுக்கு உரியவரை நான் பார்த்ததில்லை. ஆகவே கற்பனை செய்ய வேண்டியதாயிற்று. முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘நிலவொளி வழியும் கண்ணாடியின் முன் அவள் தன் கருங்கூந்தலை அவிழ்த்து…’

வேண்டாம். இந்த நோய் இருக்கிறவர்கள் நிலவொளியில் கூந்தலை அவிழ்ப்பதில்லை. குழல் விளக்கு வெளிச்சத்தில், முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் கையில் ஒரு கண்ணாடி என்று வைத்துக்கொண்டு, வகிட்டை எந்தப் பக்கம் எடுத்தால் எது மறையும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்: ‘சொரியாசிஸ் என்பது, தோல் தேவைக்கு மேல் அவசரப்பட்டு வளர்ந்து, தடித்து, வெள்ளைச் செதில்களாக உதிரும் ஒரு நிலை. தலையில் வந்தால் பிடிவாதம் அதிகம். இது ஒட்டுவாரொட்டி அல்ல.’

மருத்துவமனைச் சுவரில் ஒட்டுகிற தாள் மாதிரி இருக்கிறது. ஆனாலும் இதை நான் அடிக்கவில்லை. கடைசி வாக்கியத்தை எத்தனை இடத்தில் ஒட்டினாலும் தகும்.

மூன்றாவது: ‘அவள் ஆசிரியையாக இருந்தவரை சாக்பீஸ் அவளைக் காப்பாற்றியது.’

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

தோளில் வெள்ளையாக ஏதாவது கிடந்தால், மற்றவர் கண் அங்கே போவதற்குள் அவளே தட்டிவிட்டு, “இந்த சாக்பீஸோட பெரிய ரோதனை” என்பாள். ஆசிரியர் அறையில் மற்றவர்களும் தங்கள் தோளைத் தட்டிக்கொண்டு ஆமாம் என்பார்கள். அந்த அறையிலேயே அதிகம் எழுதிப் போடுகிற, கடமை தவறாத ஆசிரியை என்ற பெயர் அவளுக்குத்தான்.

பிறகு பள்ளி முன்னேறியது. கரும்பலகைகளைக் கழற்றிவிட்டு, தொட்டால் எழுதும் பெரிய திரைகளை மாட்டினார்கள். ‘தூசியில்லா வகுப்பறை’ என்று பெற்றோருக்குச் சுற்றறிக்கை போனது. அந்த வாரமே முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்.

“மிஸ், இப்பதான் சாக்பீஸே இல்லையே, இது எங்கேருந்து வருது?”

பிள்ளை சரியான கேள்வியைத்தான் கேட்டது. கல்வியாண்டு முடிந்ததும் அவள் வேலையை விட்டாள்.

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

“பொடுகுக்குப் போய் யாராவது வேலையை விடுவாங்களாடி?”

“பொடுகு இல்லக்கா. எத்தனை தடவை சொல்றது.”

“சரி, அந்தப் பேரு என் வாயில நுழையல. வெங்காயச் சாறு போட்டியா?”

“போட்டேன். எரிஞ்சுது.”

“எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

“அடுப்புல கை வச்சாலும்தான் எரியும்.”

தோல் மருத்துவர் இந்த அளவு நம்பிக்கையூட்டவில்லை. “இது போகாதும்மா. அடங்கும். அடங்கியிருக்கும்போது நல்லா இருந்துக்கோங்க” என்றார். செதிலை இளக்க ஒரு களிம்பு, அதன் மேல் பிளாஸ்டிக் தொப்பி, காலையில் தார் கலந்த ஷாம்பு. குளித்துவிட்டு வந்தால் அவளிடமிருந்து புதிதாகப் போட்ட சாலையின் வாசனை வரும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பார்கள், எங்கே ரோடு போடுகிறார்கள் என்று.

4

ஒலிப்புத்தக நிறுவனத்துக்கு அவள் வந்தது குரலுக்காக என்று அவர்கள் நினைத்தார்கள். அவள் வந்தது அறைக்காக. சுவரெங்கும் கருப்பு ஸ்பாஞ்சு. கதவைச் சாத்தினால் ஊர் உலகம் அறுந்துபோகும். ஒரு சின்னக் கண்ணாடி வழியே ஒலிப்பதிவாளரின் முதுகு மட்டும் தெரியும். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் உட்கார்ந்து, பார்க்க முடியாதவர்களுக்காகப் பேசுகிற வேலை. அங்கே அவளுக்குக் ‘குரலக்கா’ என்று பெயர் விழுந்தது.

ஹெட்போனின் பட்டை, தலையில் மிகத் தடித்த இடத்தில்தான் சரியாக உட்காரும். அதனால் பட்டையைப் பின்கழுத்துக்கு இறக்கி மாட்டிக்கொள்வாள். புதிதாக வந்த வாசிப்பாளர்கள் அதுதான் தொழில் சுத்தம் என்று நினைத்து, அவர்களும் கழுத்துக்கு இறக்கிக்கொண்டார்கள். கிளம்பும்முன் செலோடேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்குமாறு கையில் சுற்றி, கருப்பு ஸ்பாஞ்சில் விழுந்ததையெல்லாம் ஒற்றி எடுத்துவிடுவாள்.

ஒரே ஒரு பிசகு. பத்தி முடிகிற இடங்களில், முகத்தை மைக்கிலிருந்து திருப்பிக்கொண்டு, ஒரு மூச்சு நேரம் சொறிந்துகொள்வாள். தான் முகத்தைத் திருப்பினால் மைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று நம்பினாள். வகுப்பறையில் பழகியவள். பலகைப் பக்கம் திரும்பி நின்றால் வகுப்புக்கு ஒன்றும் கேட்காது என்று எல்லா ஆசிரியர்களும் நம்புகிறார்கள்.

ஒலிப்பதிவாளருக்கு அங்கே ‘பாம்புக்காது’ என்று பெயர்.*

* அவருக்கு வேறொரு பெயர் வைத்து முதலில் எழுதினேன். இது பொருந்தியபின் அது உதிர்ந்துவிட்டது.

5

பேனா புகழ் பெற்றது. மேலாளர் அவளைக் கூப்பிட்டார். அவளைவிட வயதில் சிறியவர். எதையும் சந்தோஷமாகவே சொல்கிறவர்.

“மேடம், கமெண்ட்ஸ் பாத்தீங்களா? எல்லாரும் பேனாவைத்தான் கேக்குறாங்க.”

“என்ன பேனா?”

“தன்னடக்கம்” என்று மேலாளர் சுவரிடம் சொன்னார். “பதினொண்ணாவது சேப்டர் மேடம். அதை வச்சு ஒரு வீடியோ பண்றோம், வெள்ளிக்கிழமை. நீங்க உக்காந்து வாசிக்கிறீங்க. கையில பேனா. அந்த சவுண்டை எங்க கண்ணு முன்னாடியே பண்ணிக் காட்டுறீங்க. மேலேருந்து ஒரு லைட்.”

“மேலேருந்தா?”

“தலைக்கு நேரா. முடி சும்மா மின்னும்.”

“நான் உள்ளேயே இருந்து வாசிக்கிறேனே.”

“உள்ளேங்கிறதே இனிமே கிடையாது மேடம். இது நல்லாப் போச்சுன்னா எல்லாரும் கேமரா முன்னாடிதான். அந்த ரூமை எடுத்துட்டு ஒரு செட்டு போடப்போறோம்.”

வீட்டுக்குப் போய் அந்த அத்தியாயத்தைக் கேட்டாள். அவள் வாசிப்பது கையகலத் திரையைப் பார்த்து. பதிவு அறையில் பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை. சத்தம் வந்ததும் அவளுக்குப் புரிந்தது. திரும்ப ஒருமுறை ஓடவிட்டாள். அப்போது அவள் கை எங்கே இருந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

இதற்கிடையில் வீடியோவுக்கென்று மேலாளர் சொன்னதால் பாம்புக்காது நிஜப் பேனாக்களைப் பதிவு செய்து பார்த்தார். பால்பாயிண்ட், மைப்பேனா, பென்சில். நாலு பேரிடம் போட்டுக் காட்டினார்கள். “ரொம்பச் செயற்கையா இருக்கு” என்றார்கள் நாலு பேரும். “பழைய பேனா எங்கே?”

6

“அண்ணா, பதினொண்ணாவது சேப்டர்ல ஒரு சத்தம் இருக்கே.”

பாம்புக்காது திரையிலிருந்து திரும்பவில்லை. “இருக்கு.”

“அது என்ன சத்தம்?”

“பேனான்னு சொல்றாங்க.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலம்மா. ரெண்டு வருஷமா ஒண்ணும் சொல்லலையே.”

அவள் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்பாஞ்சு, செலோடேப்பு, திருப்பிக்கொண்ட முகம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

“ரெண்டு வருஷமாவா?”

“மூச்சு, எச்சில் முழுங்குறது, வயித்துச் சத்தம்னு எல்லாருக்கும் வெட்டி எடுக்குறேன். உங்களுக்கு இதையும் எடுப்பேன். சாப்பாட்டுக்கு முன்னாடி நம்ம மேலாளர் வயிறு போடுற சத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலை.”

“வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“ஊருக்குச் சொல்றதுக்கா உக்காந்து எடுத்தேன்?”

“அப்ப இதை மட்டும் ஏன் விட்டீங்க?”

இப்போதுதான் அவர் திரையிலிருந்து திரும்பினார். “மறுபடி எழுதினாள்னு சொல்லி நிறுத்துனீங்க. அப்புறம் அது வந்துச்சு. எடுத்துப் பாத்தேன். அந்தப் பொம்பளை எழுதவே இல்ல, சும்மா உக்காந்திருந்தா. திரும்ப வச்சேன். எழுதுனா.”

“என் தலையை வச்சு அவ லெட்டர் எழுதுறாளா?”

“தப்புதான். உங்ககிட்ட கேட்டிருக்கணும்.”

கோபப்படத்தான் வந்திருந்தாள். வழியெல்லாம் வார்த்தைகூடத் தயார் செய்திருந்தாள். அது வாய்வரை வந்து வேறு ஏதோவாக மாறிவிட்டது.

“எடுக்குறதுன்னா எடுங்க. விடுறதுன்னா இனிமே என்கிட்ட சொல்லிட்டு விடுங்க.”

“சரிம்மா.”

“சிரிக்காதீங்க.”

“நான் சிரிக்கல. நீங்கதான் சிரிக்கிறீங்க.”

7

[பாம்புக்காது எனக்கே சந்தேகமாக இருக்கிறார். இவ்வளவு நல்லவர் அலுவலகங்களில் கிடைப்பாரா? முதல் வரைவில் அவர் விஷயத்தை மேலாளரிடம் போட்டுக்கொடுத்தார். இரண்டாவதில் அவளைக் காதலிக்கப் பார்த்தார். அவசரமாக ஒரு மனைவியையும் இரட்டைக் குழந்தைகளையும் கொடுத்து உட்காரவைத்தேன். மூன்றாவதில் இப்படி ஆகிவிட்டார். என் தேவைக்காக இப்படி ஆனாரோ என்னவோ.]

எனக்கு எப்படித் தெரியும் என்று பிறகு சொல்வதாகச் சொன்னேன். எழுத்தாளனுக்குப் பேனாச் சத்தம் தெரியாதா என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நான் கணினியில் எழுதுகிறவன். பேனாவின் சத்தம் மறந்து வெகுகாலம் ஆகிறது. இந்தச் சத்தம்தான் மனப்பாடம். என் அலமாரியில் ஒரு கருப்புச் சட்டைகூடக் கிடையாது. எந்தக் கூட்டத்துக்கும் வெளிர்நிறச் சட்டையில் வருவதை என் எளிமை என்று ஒரு விமர்சகர் எழுதினார். நான் மறுக்கவில்லை.

8

வெள்ளிக்கிழமை. பின்னால் கருப்புத் திரை. போட்டுக்கொள்ளக் கருப்பு உடை எடுத்து வைத்திருந்தார்கள். ஒப்பனைக்காரப் பெண் சீப்பை எடுத்தாள்.

“சீப்பு வேண்டாம்.”

“சும்மா மேலோட்டமா ஒரு இழுப்பு மேடம்.”

“மேலோட்டமான்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. அங்கே வை.”

விளக்கு எரிந்தது. தலையின் மேல் அதன் சூடு இறங்கியது. சூடு பட்டதும் அரிப்பு எழுந்தது, அழைத்த மாதிரி. கேமராவுக்குப் பின்னால் பாம்புக்காது ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றார், பட்டையைக் கழுத்துக்கு இறக்கி. மேசையில் ஒரு கத்தை வெள்ளைத்தாள், ஒரு பேனா.

“எல்லாரும் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான் மேடம்” என்றார் மேலாளர். “அந்தச் சத்தம் எப்படி வந்துச்சு?”

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

அவள் பேனாவை எடுத்துத் தாளில் ஓட்டலாம். சத்தம் சுமாராக வரும். பாம்புக்காது அவளிடம் சொல்லிவிட்டு அதன் மேல் பழைய சத்தத்தை வைத்துவிடுவார். எல்லாருக்கும் சந்தோஷம். அவளுக்கு சாக்பீஸ் திரும்பக் கிடைத்துவிடும்.

எழுந்து போய்விடலாம். அப்புறம் அக்காவின் போனை யார் எடுப்பது?

புது மருந்து வந்து அவள் குணமாகலாம். இதை நான் எழுதிப் பார்க்கவே இல்லை. நோய் உள்ளவர்கள் நம்பமாட்டார்கள். இல்லாதவர்கள் நம்பி, மருந்தின் பெயரைக் கேட்டு எனக்குக் கடிதம் போடுவார்கள்.

இல்லையென்றால், பேனாவைத் தள்ளி வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்தபடி தலையைச் சொறியலாம். செதில்கள் விளக்கொளியில் இறங்கிக் கருப்பு உடையில் விழ, “இப்படித்தான் வந்துச்சு” என்று சொல்லலாம். இந்த முடிவை முழுசாக எழுதினேன். கண்கூடக் கலங்கியது. மறுநாள் படித்தபோது ஒன்று உறைத்தது. அவள் தலையை வைத்து நான் துணிச்சலைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு துணிச்சல் எனக்கு இருந்தால் ஒரு கருப்புச் சட்டை வாங்கியிருக்கலாம்.

அடித்துவிட்டேன்.

9

அந்த நிறுவனம் புதிதாக ஒரு கதை கேட்டது. இதை அனுப்பியிருக்கிறேன். வாசிக்கப்போவது அதே குரல். நான் ஊகித்தது பாதி சரியா, முழுக்கத் தப்பா என்பது அவருக்குத்தான் தெரியும். எதை வேண்டுமானாலும் மாற்றலாம், வேண்டாமென்றால் வாசிக்காமலே திருப்பி அனுப்பலாம் என்று கூடவே எழுதியிருக்கிறேன். நீங்கள் இதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தால், அவர் திருப்பி அனுப்பவில்லை.

ஆகவே முடிவு என் கையில் இல்லை. நான் கொண்டுவந்து விட முடிந்தது இதுவரைதான்: மேலே விளக்கு. மேசையில் பேனா. கேள்வி கேட்டாயிற்று. அவள் கையைத் தூக்கினாள்.

(வாசிப்பவர் இந்த இடத்தில் தனக்கு வேண்டிய அளவு நிறுத்தலாம்.)

அந்த நிறுத்தத்தில் ஏதாவது கேட்டிருந்தால், அது அவர் வைத்த முடிவு. ஒன்றும் கேட்காவிட்டால் அதுவும் அவர் வைத்ததுதான். இல்லையென்றால், பாம்புக்காது மாதிரி ஒருவர் நிஜமாகவே எங்கோ உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்.

காகிதத்தில் படிக்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. இத்தனை நேரம் தலை தலை என்று படித்திருக்கிறீர்கள். கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

பேனா மாதிரி ஏதோ கேட்கிறதே, அது நீங்கள்தான்.