துலக்கித் துலக்கி

பாத்திரக் கடை திறப்பதற்கு முன்பே செவந்தி கீழராஜ வீதிக்கு வந்துவிட்டாள். சாக்குப் பைக்குள் பித்தளை பம்ப் ஸ்டவ் இருந்தது. எண்ணெயை ஒரு புட்டியில் வடித்துவிட்டுத்தான் கொண்டுவந்தாள். ஆனாலும் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கத் தைரியம் வரவில்லை. ஓர் எட்டுத் தள்ளி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலது மணிக்கட்டில் தீப்பட்ட இடம் இழுத்து இழுத்து வலித்தது.

பெரியாஸ்பத்திரி வாசலில் குவளை பத்து நயா பைசாவுக்குக் கஞ்சி விற்பது அவள் பிழைப்பு. முந்தாநாள் ஸ்டவ்வைப் பற்றவைத்து, நாலாவது தடவை பம்ப் அடித்தபோது, பம்ப் டேங்கியோடு சேரும் இடத்தில் எண்ணெய் கசிந்து குப்பென்று பிடித்துக்கொண்டது. ஈரச் சாக்கைப் போட்டு அமுக்குவதற்குள் தீ கூரைக் கீற்றைத் தொட்டுவிட்டு வந்தது. இரண்டு முழம் தள்ளி மூன்று வயது மகள் பொன்னுத்தாய் படுத்திருந்தாள். அதற்குப் பிறகு செவந்திக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் அந்தச் சத்தம்தான் கேட்டது.

விறகடுப்புக்கும் போக முடியாது. அவள் வாடகைக்கு இருக்கும் கொட்டகைக்குச் சொந்தக்காரி கண்ணாத்தாள், பொறி பறந்தால் கூரை போய்விடும், ஸ்டவ் வாங்குவதானால் குடியிரு என்று முதல் நாளே கண்டித்துச் சொல்லியிருந்தாள். தீக்குப் பயந்து வாங்கிய ஸ்டவ் அது. வாங்கிப் பதினோரு மாதம்தான் ஆகிறது. ஒரு வருஷத்துக்குள் என்ன கோளாறு வந்தாலும் வேறு ஸ்டவ் தருவதாகச் சொல்லிக் கடைக்காரர் ரெங்கசாமி கியாரண்டி அட்டை கொடுத்திருந்தார். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாள்.

ரெங்கசாமி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அட்டையைப் படித்தார். ஸ்டவ்வை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டேங்கியைக் கட்டைவிரலால் தடவினார்.

“நம்பர் எங்கம்மா?”

செவந்திக்குப் புரியவில்லை. அவர் அலமாரியிலிருந்து புது ஸ்டவ் ஒன்றை எடுத்துக் காட்டினார். எண்ணெய் ஊற்றும் மூடிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக எண் குத்தியிருந்தது. அட்டையிலும் ஸ்டவ்விலும் ஒரே எண் இருக்க வேண்டுமாம். அவளுடைய ஸ்டவ்வில் அந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

செவந்தி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். வியாழக்கிழமைதோறும் குத்துவிளக்கைத் துலக்கும்போது ஸ்டவ்வையும் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்ப்பாள். மறுநாள் காலை குங்குமம் வைத்த பிறகுதான் பற்றவைப்பாள். அந்த வீட்டில் விளக்குக்கு அடுத்த பித்தளைச் சாமான் அதுதான். மூடிக்குப் பக்கத்தில் சொரசொரவென்று அழுக்கு அடைகிறதே என்று அந்த இடத்தை மட்டும் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

“வெளக்கோட சேத்துத் தொலக்குனேங்க மொதலாளி. தப்புன்னு தெரியாதுங்க.”

எண் இல்லாததைக் கம்பெனிக்காரன் திரும்ப எடுக்கமாட்டான் என்றார் அவர். இந்தக் கடையில்தானே வாங்கினேன், ஞாபகமில்லையா என்று கேட்டாள். ஞாபகம் இருந்தது. அன்றைக்குப் பர்னர் அடைப்பைக் குத்தும் பின் இரண்டு சும்மா கொடுத்ததுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கம்பெனிக்கு ஞாபகமெல்லாம் கணக்கில்லை என்று சொல்லிச் சிரித்தார். ஸ்டவ்வில் ஒரு குறையும் கிடையாது, எண்ணெயைத் தளும்ப ஊற்றிக் கண்டபடி பம்ப் அடித்தால் அப்படித்தான் என்றும் சொன்னார்.

செவந்தி ஸ்டவ்வைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பைக்குள்ளிருந்து சீமெண்ணெய்ப் புட்டியை எடுத்து ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த தீப்பெட்டியையும் எடுத்தாள்.

“கொறை இல்லைன்னா இங்கனயே ஒருதரம் பத்தவச்சுக் காமிங்க. பாத்துட்டு எடுத்துட்டுப் போயிர்றேன்.”

ரெங்கசாமி எழுந்துவிட்டார். மரப்பெட்டிகளையும், புதுச் சாமான் சுற்றி வந்து தரையில் கிடந்த வைக்கோலையும் பார்த்தார்.

“தீப்பெட்டிய உள்ள வையி. கடைக்குள்ள பத்த வைக்காத. எடுத்துட்டு அங்கிட்டுப் போ.”

சொல்லிக்கொண்டே இரண்டு எட்டுப் பின்னால் போனார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. தன்னுடைய பயம் வீண் பயம் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

போகிற வழியில், காஸ் லைட் ரிப்பேர் பார்க்கும் பழனிச்சாமியிடம் காட்டினாள். ஈயப் பற்று வைத்து அடைத்தால் நிற்காது, வெடித்துவிடும் என்று சொல்லி அவன் தொடவே மறுத்துவிட்டான்.

கஞ்சி கொண்டுபோய் இரண்டு நாள் ஆகிவிட்டது. இன்றும் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். செவந்தி வீட்டுக்கு வந்ததும் மகளை வெளியே வேப்பமரத்தடிக்குத் தூக்கிப்போய், பழஞ்சேலையின் ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறுமுனையை மரத்திலும் கட்டினாள். குழந்தைக்கு அது விளையாட்டாக இருந்தது. “நீயும் வா ஆத்தா,” என்று சிரித்தாள்.

கதவை அகலத் திறந்து வைத்தாள். சாக்கை நனைத்துப் பக்கத்தில் போட்டாள். எண்ணெய் ஊற்றினாள். பழக்க தோஷத்தில் டேங்கியை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். பர்னரைச் சூடாக்கிவிட்டு, முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிப் பம்பைப் பிடித்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. வெளியே பொன்னுத்தாய் இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.