வலது பக்க ஸ்பீக்கர்

என் மச்சினன் மறுபடியும் காரைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினான். இறங்கும்போதே சொல்லிவிட்டான்.

"மாமா, வலது பக்கம் திரும்பச் செத்துப்போச்சு."

கார்களுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டிக்கொடுப்பது என் தொழில். கடையின் முன்பாதி ஒரு டயர்க்காரருடையது, பின்பாதி என்னுடையது. அவருடைய கம்ப்ரசர் ஓடும்போது நாங்கள் இருவரும் சைகையில்தான் பேசிக்கொள்வோம். மச்சினன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகள் இருக்கும்போது வேனில் பாட்டுப் போடக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. அந்தக் குறையையெல்லாம் சேர்த்துவைத்துத் தன்னுடைய பழைய காரில் தீர்த்துக்கொள்வான். முதலில் கதவுகளுக்கு நல்ல ஸ்பீக்கர், பிறகு சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப், பிறகு டிக்கியில் பாஸ் பெட்டி என்று ஒவ்வொன்றாக நான்தான் மாட்டினேன். வீட்டில் அவனுக்குப் 'பாட்டுக்கடை' என்றே பெயர்.

கொஞ்ச காலமாக ஒரே புகார். வலது பக்கம் கேட்கவில்லை.

இப்படி ஒரு புகார் வந்தால் நாங்கள் முதலில் பக்கம் மாற்றிப் பார்ப்போம். ஆம்ப்பில் இடது வயரை வலதிலும் வலது வயரை இடதிலும் செருகுவோம். கோளாறும் கூடவே இடது பக்கம் போய்விட்டால் குறை பாட்டுப்பெட்டியில், அல்லது வயரில். போகாமல் அங்கேயே நின்றால் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட வேண்டும். அவன் காரில் அது நின்றது. ஸ்பீக்கரை மாற்றினேன், அப்போதும் நின்றது. கதவுக்குள் போகும் வயரைப் புதிதாக இழுத்தேன். ஆம்ப்பையே மாற்றினேன். எதை மாற்றினாலும் அது வலது பக்கத்தை விட்டு அசையவில்லை.

நான் உட்கார்ந்து கேட்டால் எல்லாம் சரியாக இருந்தது. அதைச் சொன்னால் சிரிப்பான்.

"உங்களுக்குக் காது போயிருச்சு மாமா. டயர்க்காரரு கம்ப்ரசர் வேலையக் காட்டிருச்சு."

எனக்கும் அந்தச் சந்தேகம் வந்ததுதான். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ளுக்குள் இருக்கிற பயம் அது. அதனால் அவன் சொன்னதை நம்பி, ஒவ்வொரு முறையும் வலது பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிவைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரின் பின்சீட்டில் வந்த என் மனைவி, அதாவது அவன் அக்கா, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டே வந்தாள்.

"ஏன்டா, இது காரா, ஊரைக் கூட்டுற வண்டியா? காது கிழியுதுடா."

"உனக்கு ரசனை இல்லக்கா" என்றான்.

இந்த முறை அவன் வேறொரு யோசனையோடு வந்திருந்தான்.

"வலது பக்கத்துக்குன்னு தனியா ஒரு ஆம்ப் போட்டுருங்க மாமா. பெருசா. சாயங்காலம் பிள்ளைங்கள எடுக்கப் போகணும், அதுக்குள்ள முடிச்சிருங்க."

சீட்டைத் தள்ளிவிட்டுப் பழைய ஆம்ப்பைப் பார்த்தேன். அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பக்கத்துக்கு ஒரு திருகு உண்டு. இடது திருகு பாதியில் நின்றது. வலது திருகு இனித் திரும்ப இடமில்லாமல் கடைசியில் முட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் என் கை வைத்தவைதான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அன்றுதான்.

ஓட்டுகிறவனின் காலடியிலேயே வலது கதவு ஸ்பீக்கர் இருக்கிறது. அவனுக்கு அதுதான் தூக்கலாகக் கேட்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வலதைக் குறைக்கத்தான் சொல்வார்கள். கூட்டச் சொல்லி வந்தவன் இவன் ஒருவன்தான்.

இரண்டு திருகையும் சமமாக வைத்தேன். அவனை ஓட்டுகிற இடத்தில் உட்காரவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பாட்டை ஓடவிட்டேன்.

"மாப்ள, சீட்டுல முட்டி போட்டுப் பின்னாடி பாத்துத் திரும்பு."

"எதுக்கு? பள்ளிக்கூடத்துலயே நான் முட்டி போட்டதில்ல."

"அதான் வேன் ஓட்டுற. திரும்பு."

சிரித்துக்கொண்டே திரும்பினான். பெரிய உடம்பு. சீட்டின் தலைப்பக்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பின்கண்ணாடியைப் பார்த்தபடி முட்டி போட்டான். தலை கூரையில் இடித்தது.

"இப்பச் சொல்லு. எந்தப் பக்கம் செத்திருக்கு?"

கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு என் பக்கத்து இடது கதவைக் காட்டினான்.

"இந்தப் பக்கம். இப்ப வலது நல்லாக் கேக்குது. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல மாப்ள."

என் இரண்டு கையும் மடியில் இருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான். முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தான். மறுபடி பின்பக்கம் திரும்பினான். மறுபடி முன்பக்கம். கோளாறு அவனோடு சேர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு கையை நீட்டிப் பாட்டை அவனே நிறுத்தினான்.

வெளியே டயர்க்காரர் ஏதோ ஒரு சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்காகிட்டச் சொல்லிராதீங்க மாமா" என்றான். "வேன் போயிரும்."

"முதல்ல டாக்டரப் பாப்போம்."

"பாக்கலாம். பரிட்சை முடியட்டும், லீவு வரும், அப்ப பாக்கலாம். கண்ணாலதான ஓட்டுறோம்? காதாலயா ஓட்டுறோம்?"

"இன்னிக்குச் சாயங்காலம் நீ வேன எடுக்காத."

அவன் முகம் மாறியது.

"உங்க வேலை ஸ்பீக்கர் மாட்டுறது. அத மட்டும் பாருங்க."

அந்த வேனை விட்டால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அந்த வேலையில் அவனுக்கு இருந்த பெருமையும் எனக்குத் தெரியும். அவன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எனக்குப் பின்னாடி சீட்டுல ஒரு குட்டிப்பொண்ணு உக்காருவா மாமா. ஒண்ணாங்கிளாஸ். ஏறுனதுலேருந்து இறங்குற வரைக்கும் என் காதுகிட்ட வந்து வாய் ஓயாம பேசுவா. இப்பக் கொஞ்ச நாளாப் பேச்சே இல்ல. பொண்ணு பெருசாகுது, அடக்கம் வந்திருச்சுன்னு நெனச்சேன். நேத்து அவ அம்மா கேக்குறாங்க, 'எம்பொண்ணு மேல என்ன கோவம்? கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கிறீங்களாம்'னு."

வலது காதைத் தேய்த்துக்கொண்டான்.

"'வேன் மாமா, நிறுத்துங்க, என் தம்பி இன்னும் இறங்கல'ன்னு கத்துனாளாம். எனக்குக் கேக்கல. தம்பி படியில நின்னிருக்கான். கண்ணாடியில பாத்துதான் பிரேக் அடிச்சேன். பாத்ததால சரியாப் போச்சு."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வேன் முதலாளியைக் கூப்பிட்டான். போனை இடது காதில் வைத்துக்கொண்டதை அப்போதுதான் கவனித்தேன். எப்போதிருந்து அப்படி வைக்கிறான் என்று அவனுக்கே தெரியாது.

"அண்ணே, சாயங்காலத்துக்கு வேற ஆளப் போடுங்க. இல்ல, காய்ச்சல் இல்ல. காது. நேர்ல வந்து சொல்றேன். மறக்காம ஆளப் போடுங்கண்ணே."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவன் காரை நான் ஓட்டினேன்; என் மனைவி பின்சீட்டில் வந்தாள். முதலில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். வலது காது என்னைப் பார்த்து இருந்ததால் நான் கேட்டது எதற்கும் பதில் வரவில்லை. சிக்னலில் நின்றபோது இறங்கிப் பின்சீட்டுக்குப் போய் என் மனைவிக்கு வலது பக்கம் உட்கார்ந்துகொண்டான். அவள் பக்கம் இப்போது அவனுடைய நல்ல காது. அவளிடம் நான் எதுவும் மறைக்கவில்லை. அவள் வழியெல்லாம் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பாட்டைப் போடச் சொன்னான். போட்டேன். டிக்கியிலிருந்த பாஸ் பெட்டியின் அதிர்வு அவன் முதுகில் இடித்திருக்க வேண்டும். அந்தச் சீட்டில் அவன் உட்கார்ந்ததே இல்லை.

"இவ்வளவு சத்தமாவாக்கா இருந்துச்சு?"

"இப்பவாவது ஒத்துக்கிட்டியே பாட்டுக்கடை" என்றாள்.

டாக்டர் என்னென்னவோ சோதனை செய்தார். தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். போன காது திரும்பும் என்று சொல்ல முடியாது, இருக்கிற காதைக் காப்பாற்றுவதைப் பார்ப்போம் என்றார். ஸ்கேன் பார்த்துத் தான் எழுதிக்கொடுக்கிற வரைக்கும் வேனைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். மச்சினன் தலையை ஆட்டினான். அதை முந்தின நாளே முடிவு செய்தவன்போல் இருந்தது.

திரும்பும்போது கடையில் நிறுத்தச் சொன்னான்.

"அந்த ரெண்டு திருகு எப்படி இருக்கு மாமா?"

"சமமாத்தான் வச்சேன்."

"இன்னும் குறைங்க. ரெண்டையும். அக்கா காது கிழியாத அளவுக்கு."

குறைத்தேன். அவன் போடச் சொல்லியிருந்த மாதிரிப் பெரிய ஆம்ப் ஒன்று பெட்டி பிரிக்காமல் மேசையில் இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தான். பிறகு முதலாளியிடம் பேசப் போகவேண்டும் என்றான். ஸ்கேன் வரும்வரை வேனில் கதவு திறந்து பிள்ளைகளை இறக்கிவிடும் வேலை கேட்டுப் பார்க்கப் போகிறானாம்.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லணும் மாமா" என்றான். "கோவம் இல்லன்னு. இந்தப் பக்கமா வந்து பேசச் சொல்லணும்."

இடது காதைத் தொட்டுக் காட்டினான்.