காட்டுப்பன்றி திறந்துவைத்த பிரஷ்

இத்தாலியில் இருந்த இரண்டு வாரமும் சைஹூத் அத்தான் கடல் பக்கமே போகவில்லை. எருமைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எருமைப் பண்ணைகளைக் காட்டக் கால்நடை மருத்துவர்கள் எங்கள் சதுப்புநிலத்திலிருந்து நான்கு எருமைக்காரர்களை அழைத்துப் போயிருந்தார்கள். மற்ற மூவரும் போட்டோவோடு திரும்பினார்கள். அத்தான் இரண்டு செய்தியோடு திரும்பினார்.

"அங்கயும் எருமை முதுகுல நம்ம உண்ணிக்கொக்குதான் உக்காந்திருக்கு. அதுக்கு மட்டும் பாஸ்போர்ட் கேக்கல."

இரண்டாவது, பிரஷ். தொழுவச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒன்று சுற்றுமாம். எருமைகள் வரிசையில் நின்று முதுகைத் தேய்த்துக்கொள்ளுமாம். அந்தச் சுகத்தில் சிலவற்றுக்குப் பால் தானாகவே சொட்டுமாம்.

படகு கழுவும் ஆறு பிரஷ்களைப் பேரீச்ச மரத்தண்டில் வைத்து ஆணி அடித்து, எங்கள் நாணல் தீவின் ஓரத்தில் நட்டார். ஒரு மாதம் எந்த எருமையும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துத் தீவு மிஸ்ஹில் போகும்போதெல்லாம் படகை நிறுத்துவான்.

"சைஹூத், சலூன் இன்னைக்கும் லீவா?"

முதலில் வந்தது ஒரு காட்டுப்பன்றி. விடிந்த நேரத்தில் நீந்தி வந்து, கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் தேய்த்துக்கொண்டது. நானும் அத்தானும் மூச்சுவிடாமல் நின்றோம். அது போனதும் ஃபக்ரியா அக்கா, பன்றி பட்ட தீட்டு என்று, பிரஷைச் சேறு போட்டு ஏழு தடவை கழுவினாள்.

"உங்க இத்தாலிக்கு வந்த முதல் விருந்தாளியப் பாருங்க!"

"வாலடியத்தான் ரொம்ப நேரம் தேச்சுது, கவனிச்சியா?" என்றார் அத்தான்.

அந்த வாரம் எங்கள் எருமை கஹ்லா ஈன்றது. தலையீற்று. கன்றை ஒருமுறை முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியது. மடிக்குப் பக்கத்தில் வந்தால் உதைத்தது. தாய் நக்கட்டும் என்று அக்கா கன்றின் முதுகில் உப்புத் தடவினாள். தான் வழக்கமாகப் பாடும் கறவைப் பாட்டைப் பாடினாள். கறக்கவும் பார்த்தாள், கஹ்லா ஒரு சொட்டுகூட இறக்கவில்லை. மந்தையில் புதிதாக ஈன்ற எருமை வேறு இல்லை. வெயில் ஏறியபோது கன்று எழ முயல்வதை நிறுத்திவிட்டது.

"இப்ப சீம்பால் உள்ள போகலன்னா இது தங்காது. காலக் கட்டுங்க" என்றாள் அக்கா.

அத்தான் கஹ்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வாலை அடித்துக்கொண்டே இருந்தது. ஈன்ற ஈரம் வாலடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. இரண்டு முறை நாணல் சுவரில் பின்புறத்தை உரசியது. நாணல் வளைந்து கொடுத்துவிட்டது.

காலைக் கட்டுவதற்குப் பதில் அவர் அதன் கழுத்துக் கயிற்றையும் அவிழ்த்தார்.

"என்ன பண்றீங்க? மந்தை தண்ணியில இருக்கு. இதுவும் அங்க போனா சாயங்காலம்தான் திரும்பும். அதுக்குள்ள கன்னு செத்துரும்!"

"தெரியும். நீ கன்னத் தூக்கிக்க."

கஹ்லா நேராகத் தண்ணீரை நோக்கி நடந்தது. முன்னங்கால்கள் நனைந்தன. அவிழ்த்த கயிறு அத்தானின் கையில் இறுகியது. ஆனால் அவர் நகரவில்லை. கஹ்லா நின்றது. தலையைத் திருப்பியது. பின்வாங்கி வந்து வாலடியைப் பிரஷில் வைத்து அழுத்தியது.

தேய்த்தது. காதுகள் தொங்கின. கண்கள் பாதி மூடின. ஒரு காம்பின் நுனியில் வெள்ளையாக ஒரு துளி நின்றது.

அக்கா மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து கன்றை மடிக்கு நகர்த்தினாள். கஹ்லாவின் பின்னங்கால் உயர்ந்தது. அக்கா கன்றின் மேல் குனிந்து மறைத்தாள். கால் அந்தரத்தில் சற்று நின்று, மெல்லக் கீழே இறங்கியது. சப்பும் சத்தம் கேட்டது. எங்கிருந்தோ ஒரு உண்ணிக்கொக்கு வந்து கஹ்லாவின் முதுகில் உட்கார்ந்தது.

வெகுநேரம் கழித்துக் கஹ்லா கழுத்தை வளைத்துக் கன்றின் முதுகை முகர்ந்தது. பிறகு அந்த உப்பை நக்கியது.

படகுத் துடுப்பின் சத்தம். மிஸ்ஹில் வாயைத் திறக்கப்போனான்.

"பேசாம போ, மிஸ்ஹில்," என்றாள் அக்கா, தலை நிமிராமலே. "சலூன்ல ஆள் இருக்கு."