மூன்றாவது நிமிடம்

விசாரணைக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் அடிக்கும் கம்பெனி ஒன்றின் மாடி ஹாலில், ஜபீன் நாற்காலி மேல் ஏறி நின்று புரொஜெக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

புரொஜெக்டர் வந்து ஒரு வருடம் ஆகிறது. முதல் மீட்டிங்கில் படம் வராமல் முக்கால் மணி நேரம் போனதிலிருந்து அதைத் தொட எல்லாருக்கும் பயம். ஜபீன் தரக்கட்டுப்பாட்டில் பயிற்சிப் பணியாளர். பி.எஸ்சி. இயற்பியல். யாரும் சொல்லாமலே அதோடு வந்த புத்தகத்தைப் படித்தாள். லேப்டாப்புக்கு நீலத் தலை வயர், பதினைந்து ஊசி. அதில் நீல நிறத்துக்கான ஊசி வளைந்தால் திரை முழுக்க மஞ்சளாகிவிடும். வீடியோ கேமராவுக்கு இரண்டு தலைகள்: மஞ்சள் படத்துக்கு, வெள்ளை சத்தத்துக்கு. புரொஜெக்டரின் சொந்த ஸ்பீக்கர் கொசு மாதிரி முனகும் என்பதால், வெள்ளையை மட்டும் ஹாலின் பெரிய ஸ்பீக்கருக்குத் தனியாக இழுத்திருந்தாள்.

அன்றிலிருந்து மீட்டிங் என்றால் ஜபீன்தான். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. விளக்கை அணைத்ததும் எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள், அவளைப் பார்க்க மாட்டார்கள். பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வருகிற பெண், பதினான்கு மாதத்தில் மேனேஜர் ஆதிகேசவனிடம் பேசியது இருபது வாக்கியம் இருக்கும். பாதி, "சரி சார்".

நாளை அந்த ஹாலில் முடிவாக வேண்டியது சின்னதுரையின் வேலை.

ஒன்பது நாள் முன்பு, தகட்டை அழுத்தி வெட்டும் நான்காம் நம்பர் பிரஸ்ஸில் சின்னதுரைக்கு வலது கையில் இரண்டு விரல் போனது. அந்த மெஷினில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே இருக்க வழியே இல்லை. அன்று ஒரு பொத்தானை இன்சுலேஷன் டேப் சுற்றி அமுக்கி வைத்திருந்தது. ஒரு கை மிச்சமானால் பீஸ் வேகமாக விழும். சின்னதுரை தானாகவே ஒட்டிக்கொண்டார் என்பது ஆதிகேசவனின் அறிக்கை. அது நிலைத்தால் பதினோரு வருட வேலை போகும். மேனேஜர் சொல்லித்தான் என்று ஆனால், கம்பெனி அவரை வேறு வேலையில் வைத்துக்கொண்டே ஆக வேண்டும்.

அன்று அந்த மெஷின் முன்னால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பீஸ் எத்தனை நொடியில் விழுகிறது என்று வாடிக்கையாளருக்குக் காட்டப் படம் வேண்டும் என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. ஸ்டாண்டில் கேமராவை வைத்துப் படம் எடுத்தவள் ஜபீன். ரத்தத்தைப் பார்த்து எல்லாரும் ஓடியபோது, அவள் கை தானாகவே கேமராவைத் திறந்து தீப்பெட்டி அளவு கேசட்டை எடுத்துக்கொண்டது. வேறொன்றைப் போட்டு மூடியது. மாலையில் ஆதிகேசவன், "ரெக்கார்ட் ஆச்சா?" என்று கேட்டார். அவள் தலையை எப்படியோ அசைத்தாள். ஆகவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கேசட்டின் மூன்றாவது நிமிடத்தில் ஆதிகேசவன் மெஷின் பக்கம் வருவார். பேசுவார். சின்னதுரை மறுப்பார். பிறகு டேப் ஏறும். ஜபீன் அதைக் கேமராவின் சின்னத் திரையில் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். இரண்டாவது தடவை பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆனால் நாளை எல்லாரும் பார்க்கட்டும் என்று முடிவு செய்துவிட்டாள். தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வரும் தேசிகன் சார், மெஷின்கள் ஓடும் ஷாப்பின் அமைப்பை வீடியோவில் காட்டச் சொல்லியிருந்தார். அந்த ஷாப் கேசட்டுக்குப் பதில் இதைப் போட்டால் போதும். ஒரு பட்டன். அவள் வாய் திறக்கவே வேண்டியதில்லை.

மத்தியானம் கேட் அருகே சின்னதுரை நின்றிருந்தார், விசாரணைக் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்தவர். வலது கை முழுக்கக் கட்டு.

"இன்னா தங்கச்சி, நாளைக்கு சினிமாவாமே? டிக்கெட்டு கீதா?"

ஜபீன் சிரிக்க முயன்றாள். "வலிக்குதாண்ணே?"

"கீற வெரலு சும்மாதான் கீது. போன வெரலுதான் வலிக்குது. டாக்டராண்ட சொன்னா சிரிக்கிறாரு. பேஜாரா பூட்ச்சி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நானா ஒட்டிக்கினேன்னு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. நான் சாரு சொல்லித்தான்னு எழுதிக் குடுத்துட்டேன். வேற யாரு பேரையும் எழுதல."

ஜபீன் தரையைப் பார்த்தாள்.

"படத்துல இருக்குண்ணே. நாளைக்குப் போட்டுடுறேன்."

"போடு, போடு. ஆனா நீ ஒண்ணியும் பேச வாணாம். நீ பேசுனா பக்கத்துல கீறவனுக்கே கேக்காது. மெஷினே பேசட்டும்."

கேட்டில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள் என்பதால் கேசட் வெளியே போகவில்லை. ஜபீனின் லாக்கருக்குப் பூட்டு சரியில்லை. அது குணசுந்தரியின் லாக்கரில் இருந்தது. குணசுந்தரி சோழவரத்துப் பெண். இருவரும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். கேன்டீனில் ஜபீனுக்காக டீ கேட்பது, சூப்பர்வைசரிடம் லீவு கேட்பது எல்லாம் குணாதான். கேசட்டைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான்.

"உங்கம்மா எறா தொக்குக்கு நான் உங்க ஊட்டுக்கே வாழ்க்கப்பட்டு வந்துடலாம்டி" என்றாள் குணா, டப்பாவை வழித்துக்கொண்டே.

"நாளைக்குப் பத்தரைக்கு அதைக் குடுத்துடு."

"லாக்கர்ல தான கீது. எங்க ஓடிடப் போவுது?" விரலை நக்கினாள். "அதுல முழுசா இன்னாதான் கீது? பாதி சொல்ற, பாதி முழுங்குற."

"நாளைக்குப் பார்ப்பல்ல."

"வேலை போய்டும்டி. அடுத்த மாசம் பர்மனென்ட் பண்ணப் போற நேரத்துல உனுக்கு எதுக்கு இது?"

"அவருக்குப் பொண்ணுங்க ரெண்டு பேர் இருக்காங்க குணா."

குணா கை கழுவ எழுந்துபோனாள். ஐந்தரைக்கு ஜபீன் கிளம்பினாள். அதை விட்டால் பழவேற்காட்டுக்குக் கடைசி பஸ் போய்விடும். குணாவுக்கு ஏழு மணி கம்பெனி பஸ்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆதிகேசவன் தன் பீரோவைத் திறந்து கேமராவை எடுத்துக் கொடுத்தார். சாவி எப்போதும் அவர் பாக்கெட்டில்தான். "ஷாப் படம் உள்ளயே கீது. மூணு நிமிஷம் ஓட்டு, போதும்." ஜபீன் நீலத் தலையைச் செருகித் திருகினாள். லேப்டாப் படம் வந்தது. கேமராவை மாட்டினாள். ஷாப் படம் வந்தது. சத்தமும் வந்தது.

பத்தரைக்குக் குணா வரவில்லை. பத்தே முக்காலுக்கும் வரவில்லை. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓடி வந்து, கைக்குட்டையில் சுற்றியதை ஜபீனின் கையில் திணித்தாள். "போ போ, படிக்கட்டுல வந்துட்டாங்க." எதையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் ஜபீன் திரையில் விட்டதே கிடையாது. அன்று பார்க்கவில்லை. குணா கொடுத்தது என்பதால் பார்க்கத் தோன்றவும் இல்லை. கேசட்டை மாற்றி மூடினாள்.

ஐந்து பேர். மேசையின் தலைப்பில் தேசிகன், வெளுத்த சட்டை, மூக்குக் கண்ணாடி. ஒரு பக்கம் ஆதிகேசவன். எதிரே சின்னதுரை, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. குறிப்பெடுக்க நோட்டோடு குணா. புரொஜெக்டர் அருகே ஜபீன். விளக்கை அணைத்தாள்.

ஆதிகேசவன் லேப்டாப்பில் பன்னிரண்டு பக்கம் காட்டினார். மெஷினின் படம், பொத்தானின் படம், டேப்பின் படம். "ஆபரேட்டர் தன்னிச்சையாகச் செய்தது" என்ற வரி நான்கு இடத்தில் வந்தது. சின்னதுரை ஒவ்வொரு தடவையும் மூக்கை உறிஞ்சினார்.

"சரி, ஷாப்பைப் பார்த்துடலாம்" என்றார் தேசிகன்.

ஜபீன் ரிமோட்டை அழுத்தினாள். லேப்டாப் படம் மறைந்தது. மூலையில் வீடியோ என்ற எழுத்து வந்து போனது. கேமராவை ஓடவிட்டாள்.

திரை கறுப்பாக இருந்தது.

மஞ்சள் தலை தளர்ந்திருக்கும் என்று குனிந்து அமுக்கினாள். கறுப்பு மாறவில்லை. அப்போதுதான் வலது கீழ்மூலையில் சின்ன வெள்ளை எண்கள் தெரிந்தன. 14.9.2006. மாலை 6.42. நொடி ஓடிக்கொண்டிருந்தது. தேதி தெரிகிறது என்றால் இணைப்பில் குறை இல்லை. படம் வருகிறது. வருகிற படமே கறுப்பு. லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டு யாரோ பதிவு செய்திருக்கிறார்கள், அவளுடைய மூன்றாவது நிமிடத்தின் மேலேயே. நேற்று ஆறு நாற்பத்திரண்டுக்கு அவள் பொன்னேரியில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். கேமரா பீரோவில் இருந்தது. கேசட் லாக்கரில் இருந்தது. இரண்டு சாவி, இரண்டு பேர்.

அவள் குணாவைப் பார்த்தாள். குணா நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹால் ஸ்பீக்கரில் மின்விசிறிச் சத்தம் வந்தது. பிறகு ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். மூடி போட்டால் படம்தான் விழாது, சத்தம் விழும் என்பதை அவர்கள் இருவருமே யோசிக்கவில்லை.

"இன்னும் எவ்ளோ நேரம் சார் ஓடணும்?" என்றது குணாவின் குரல்.

ஆதிகேசவன் தாவி எழுந்து கேமராவிலிருந்து மஞ்சள் தலையைப் பிடுங்கினார். திரை நீலமானது. அது மட்டும்தான் ஆனது. வெள்ளை வயர் வேறு வழியாகப் போகிறது என்று அவருக்குத் தெரியாது.

"அஞ்சு நிமிஷம் ஓடட்டும் உடு. மேலயே ஏறி அழிஞ்சிடும்."

"ஜபீனுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா இன்னா? அது என்னிக்கு வாயத் தொறந்து பேசிக்கீது?"

இருவரும் சிரித்தார்கள். குணாவின் சிரிப்பை ஜபீனுக்குத் தெரியும். கேன்டீனில் தினமும் பக்கத்தில் கேட்கிற அதே சிரிப்பு. மற்றவர்களைப் பற்றிச் சிரிக்கும்போது அது இவ்வளவு கூர்மையாகக் கேட்டதில்லை.

"சார், என் ஆர்டரு?"

"திங்கக்கெழம கையெழுத்து ஆயிடும். ஜபீனுக்குத்தான் இன்னும் ஆறு மாசம் ட்ரெய்னிங்."

"எதுலயாவது கை வச்சா நீங்க அவ்ளோதான்" என்றார் தேசிகன். ஆதிகேசவனின் கை கேமரா மேல் நின்றுபோயிருந்தது. "லைட்டைப் போடுங்கோ."

விளக்கு எரிந்தது. குணா அழுதுகொண்டிருந்தாள். அழுகையோடு, "உனுக்காகவும்தான்டி" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். அவர்கள் அழிப்பதற்கு முன் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று ஜபீனுக்குப் புரிந்தது.

"இது சும்மா கேமரா டெஸ்ட் பண்ணது சார்…" என்று தொடங்கினார் ஆதிகேசவன்.

"உங்களை நான் கேக்கலை." தேசிகன் ஜபீன் பக்கம் திரும்பினார். "நீதானேம்மா அன்னிக்குப் படம் எடுத்தது? இதுல முன்னால என்ன இருந்தது?"

"ஜபீன்" என்றார் ஆதிகேசவன், மெதுவாக, ஏறக்குறைய அன்பாக. "யோசிச்சிப் பேசும்மா. அதுல நான் மட்டும் இல்ல. அது அழிஞ்சது உனக்கும் நல்லதுதான்."

உண்மைதான். படம் இல்லை. நடந்தது தெரிந்தவர்கள் அவளோடு சேர்த்து நான்கு பேர். அவர்களில் இரண்டு பேர் சொல்ல மாட்டார்கள். ஒருவர் எழுதித் தந்தபோதே அவளை விட்டுவிட்டு எழுதியிருக்கிறார். அவள் பேசாமல் இருந்தால், அவள் அங்கே கேமரா பிடித்துக்கொண்டு நின்ற பெண் மட்டும்தான்.

"உடு தங்கச்சி" என்றார் சின்னதுரை. "இந்தப் பேச்சே போதும். நீ ஒண்ணியும் சொல்ல வாணாம்."

போதாது. அழித்தார்கள் என்று அந்தக் குரல்கள் சொல்லும். எதை அழித்தார்கள் என்று சொல்லாது.

ஜபீன் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"கொஞ்சம் பலமா சொல்லும்மா" என்றார் தேசிகன்.

அவள் ரிமோட்டை மேசை மேல் வைத்தாள். கையில் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

"ஒரு பொத்தானை ஒட்டிடச் சொன்னது ஆதிகேசவன் சார். ஒன்பது நொடியில விழற பீஸ் ஏழு நொடியில விழணும், படத்துல அப்படித் தெரியணும்னு சொன்னார். அண்ணன் மாட்டேன்னார். கை போயிடும் சார்னு சொன்னார். ரெண்டு தடவை சொன்னார். சார் கேக்கலை. என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்."

அவள் சின்னதுரையின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"வயரெல்லாம் ஒட்டுறதுக்கு நான் பையில எப்பவும் டேப் வச்சிருப்பேன்" என்றாள் ஜபீன். "அதைக் கிழிச்சுக் குடுத்தது நான்தான்."