இடது காதில் நிற்காத ஊசிகள்

மலைச்சாமியின் வலது காதில் குத்திய ஐந்து ஊசிகளும் அரை மணி நேரம் அப்படியே நிற்கும். இடது காதில் குத்திய ஐந்தில் மூன்றோ நான்கோ பதினைந்தாவது நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடும். விழுந்தவை வளைந்தும் கிடக்கும். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

காது ஊசி அரை அங்குல நீளம், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். தோலுக்குள் போவது ஓர் அரிசியின் தடிமன்தான். மீதி வெளியே நிற்கும். அதனால் ஒன்றிரண்டு விழுவது சாதாரணம். வியர்த்தால் விழும். தாடையை இறுக்கினால் விழும். துடைத்த ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தினாலும் விழும். ஆனால் ஒரே காதில், ஒரே நேரத்தில், வாரம் இரண்டு நாள் விழுந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். ஸ்பிரிட்டை நன்றாகக் காயவிட்டேன். வேறு பெட்டி ஊசி வாங்கினேன். மின்விசிறியைக் குறைத்தேன். மேலே பேப்பர் பிளாஸ்திரி ஒட்டியும் பார்த்தேன். பிளாஸ்திரியோடு சேர்ந்து விழுந்தது.

என் பெயர் ஃபர்ஹா. கே.கே. நகரில் என் மாமி அஜ்மல் பீவியின் வீட்டுக் கீழ்த்தளத்தில் அக்குபங்சர் பார்க்கிறேன். செவ்வாய், வெள்ளி காலை பதினொரு மணிக்கு, பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் நான்கைந்து பேரை ஒன்றாக உட்காரவைத்துக் காதில் மட்டும் ஊசி போடுவேன். மனநல மருத்துவர் பீமாராவ் அனுப்புகிறவர்கள். மாத்திரையும் பேச்சும் அவர் வேலை. என் ஊசி நடந்ததை மறக்கவைக்காது. எந்நேரமும் விழித்துக் காவல் இருக்கும் உடம்பை அரை மணி நேரம் அடங்கவைக்க ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான். அது எப்படி வேலை செய்கிறது என்பது முழுதாகத் தெரிந்த விஷயமும் அல்ல. காதின் குழியில் ஒரு நரம்பின் கிளை ஓடுகிறது, அது இதயத் துடிப்போடும் மூச்சோடும் பேசுகிறது என்கிறார்கள். அங்கிருந்து தொடங்கலாம் என்பதுவரை எனக்குத் தெரியும்.

மலைச்சாமி சமயநல்லூர்ப் பக்கம். பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிக்கிறவர். ஒன்பது மாதத்துக்கு முன் பதினைந்து அடிப் பள்ளத்தில் வேலை செய்தபோது மண் சரிந்தது. மூன்று மணி நேரம் மூக்கு மட்டும் வெளியே தெரிய மண்ணுக்குள் இருந்து உயிரோடு வந்தார். கூட இருந்த அழகுமலை வரவில்லை. அதற்குப் பிறகு இவர் படுத்துத் தூங்கியதில்லை. மாத்திரை தொடங்குவதற்கு முன் ஒருநாள் ரயில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்திருந்தவரை மனைவி ராக்கம்மாள்தான் இழுத்து வந்திருக்கிறார்.

முதல் மூன்று முறை ஊசி விழவே இல்லை. மூன்றாம் முறை வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் பாயில் படுத்தார் என்று ராக்கம்மாள் இனிப்புக் கொண்டுவந்து கொடுத்தார். நான்காவது முறையிலிருந்துதான் இந்தத் தொல்லை.

எட்டாவது முறை, தரையில் கிடந்த ஊசிகளை நான் பொறுக்கும்போது மலைச்சாமி அமைதியாகச் சொன்னார்.

"நீங்க எம்புட்டுதான் மாத்திமாத்திக் குத்துனாலும் நிக்காது டாக்டரம்மா. அழகுமலைதான் புடுங்குறான். வளைச்சுப் போட்டிருக்கான் பாருங்க."

"நான் டாக்டர் இல்லண்ணே. ஊசி வளையிறதுக்கு வேற காரணம் இருக்கும்."

"என்ன காரணம்?"

வளைந்த ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஏங்க, செத்தவருக்கு ஒங்க காதுதான் கெடச்சுச்சா?" என்றார், அவரைக் கூட்டிப்போக உள்ளே வந்த ராக்கம்மாள். "பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்காம எறக்கிவிட்டானே அந்தக் கான்ட்ராக்டரு, அவன் காதப் போய்ப் புடுங்கச் சொல்லுங்க."

மலைச்சாமி சிரிக்கவில்லை. "நான் நிம்மதியா ஒக்காந்தா அவனுக்குப் பொறுக்கல. வெள்ளிக்கெழம பாப்பேன். விழுந்துச்சுன்னா இதோட விட்டுருவேன். மாத்திரையும் வேணாம். நான் தூங்குறது அவனுக்குப் பிடிக்கலன்னா எனக்கு எதுக்கு?"

ராக்கம்மாள் என்னைப் பார்த்தார். தண்டவாளத்தைத்தான் நினைக்கிறார் என்று புரிந்தது.

இந்தக் குழு முறையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஊசி போட்டதும் நாங்களும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். யாரையும் உற்றுப் பார்க்கக் கூடாது. பயந்தவனை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தால் அவன் உடம்பு அடங்காது. நல்ல விதி. அதை ஐந்து வருடமாக ஒழுங்காகக் கடைப்பிடித்ததால்தான், ஊசி விழும் நேரத்தில் மலைச்சாமி என்ன செய்கிறார் என்று ஒருமுறைகூட நான் பார்த்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பார்த்தேன்.

அவர் எப்போதும் மூலை நாற்காலியில்தான் உட்காருவார். முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர், இடப்பக்கம் ஒரு சுவர். நடுவில் போட்டால் அவரால் இருக்க முடியாது. மற்ற மூவரும் கண்ணை மூடியிருந்தார்கள். பத்து நிமிடம் மலைச்சாமி அசையவில்லை. மூச்சு நிதானமாகிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாவது நிமிடம், கண் மூடியபடியே, அவர் தலை இடப்பக்கம் சாய ஆரம்பித்தது. தூக்கம் என்று நினைத்தேன். தூங்குகிறவர் தலை தொங்கும். இது தொங்கவில்லை, போனது. ஊசி நின்ற காதைச் சுவரில் வைத்து அழுத்தினார்.

ஊசிகள் வளைவதை நான் பார்த்தேன். ஒன்றின் அடியில் ரத்தம் பொட்டாக வந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வலது கையை மடியிலிருந்து எடுத்து, விரல் முட்டியால் சுவரில் தட்டினார். மின்விசிறிச் சத்தத்தில் கேட்காத மெல்லிய மூன்று தட்டு. நிறுத்தினார். மறுபடி மூன்று. காதை இன்னும் அழுத்தினார்.

என் கையில் இருந்த பஞ்சு டப்பா எப்போது தரைக்குப் போனது என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன். இத்தனை வாரமாக நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க, நாலடி தூரத்தில் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

தொடாமல், பக்கத்தில் போய்ச் சொன்னேன். "மலைச்சாமி அண்ணே. நான் ஃபர்ஹா. இது கிளினிக்கு. மணி பதினொன்னேகால். கால் தரையில இருக்கு பாருங்க."

கண்ணைத் திறந்தார். சுவரைவிட்டு விலகியதும் ஊசிகள் உதிர்ந்தன. அவற்றைப் பார்த்தார்.

"பாத்தீங்களா? இன்னைக்கும் புடுங்கிட்டான்."

அவருக்குத் தெரியாது. தான் சாய்ந்ததும் தட்டியதும் எதுவுமே தெரியாது.

"வாரோம்ங்க. இனிமே வரல" என்று எழுந்தார்.

"அண்ணே, ஏன் விழுதுன்னு பாதி கண்டுபிடிச்சுட்டேன். திங்கக்கெழம வரைக்கும் டயம் குடுங்க. அதுவரைக்கும் மாத்திரைய மட்டும் விட்டுறாதீங்க."

"யாருன்னு தெரிஞ்சுச்சா?"

"ஆளு இல்லண்ணே."

"மூணு நாள்தான? நான் பாத்துக்கிறேன்" என்று, வாசலில் காத்திருந்த ராக்கம்மாள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு, அவர் வைத்த இடத்தில் என் காதை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கேட்டது. டக். டக். டக். ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெலிந்து, கடைசியில் இல்லாமல் போனது. பட்டப்பகலில், என் சொந்தக் கிளினிக்கில், சுவரைவிட்டுக் காதை எடுக்காமல் நின்றேன். ஐந்தாறு நிமிடத்தில் மறுபடி கேட்டது.

மாடிக்கு ஓடினேன். மாமி குளியலறை வாசலில், ஓடிக்கொண்டிருந்த புது வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், துணி பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, பேய் அறஞ்ச மாதிரி வர்றே?"

"மாமி, இந்த வாஷிங் மெஷின் எப்ப வந்துச்சு?"

"ஒனக்குக் காட்டுனேன்ல. பெருநாளைக்கு எம் மவன் உபைதுல்லா எடுத்துக் குடுத்தான். பதினோரு மணிக்குப் பட்டனத் தட்டிட்டு நான் பாட்டுக்குச் சோத்துக்கு ஒல வைக்கிறேன். மாஷா அல்லா, கை வலியே இல்ல."

பெருநாளுக்கு மறுநாள்தான் மலைச்சாமியின் நான்காவது முறை.

பழைய மெஷினுக்கு மாமி வாளியில் தண்ணீர் ஊற்றுவார். புது மெஷின் தானே குழாயைத் திறந்து, தொட்டி நிறைந்ததும் படக்கென்று மூடும். குழாய்க்குள் ஓடும் தண்ணீரை ஒரு நீளமான கம்பி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓடிவரும் கம்பியின் முன்னால் கதவைச் சாத்தினால் அது முட்டும். முட்டிப் பின்னால் போய், திரும்ப வந்து முட்டும். வேகம் குறையக் குறைய முட்டும் மெலியும். அந்தக் குழாய் என் சுவருக்குள்தான் இறங்குகிறது. சுவருக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடித்திருக்க வேண்டிய கிளாம்ப் கழன்று தொங்கியது. ஒவ்வொரு முட்டுக்கும் குழாய் சுவரை அடித்தது. மின்விசிறிச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காது. முதுகையும் தோளையும் சுவரில் ஒட்டி உட்காருகிறவருக்கு அது உடம்பு வழியாக ஏறும்.

பீமாராவ் சாருக்குப் போன் செய்தேன். எதையாவது தட்டியதாகவோ தட்டல் கேட்டதாகவோ மலைச்சாமி அவரிடம் சொன்னதே இல்லையாம். "ஊசி இல்லாதப்ப சொல்லுங்க. மனைவி பக்கத்துல இருக்கட்டும். காதால கேக்க வைக்காதீங்க, கண்ணால பாக்க வைங்க. நானும் வாரேன்" என்றார்.

திங்கட்கிழமை மலைச்சாமி, ராக்கம்மாள், பீமாராவ் சார், நான் என்று நால்வரும் மாடியேறினோம். மாமி மெஷினை ஓடவிட்டார். நான் குழாயைக் காட்டினேன். தண்ணீர் நின்ற நொடியில் குழாய் துள்ளி நான்கு முறை சுவரை அடித்தது. வெள்ளிக்கிழமை நான் பார்த்ததையும் சொன்னேன்.

மலைச்சாமி குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் நிம்மதியடைவார் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அவர் முகம் வெளுத்துப்போனது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப அவன் இல்லையா?"

குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் அவரே தொடர்ந்தார்.

"பள்ளத்துல எங்களுக்கு நடுவுல அந்த இரும்புக் குழாய்தான் கெடந்துச்சு. எங் காது அதுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அவன் ஸ்பேனர வச்சுத் தட்டுனான். மூணு தட்டு, மூணு தட்டா. இருக்கியா மாப்ளன்னு கேக்குறான். எனக்குக் கை ரெண்டும் மண்ணுக்குள்ள. வாயத் தொறந்தா மண்ணு. நான் திருப்பித் தட்டவே இல்ல. நான் செத்துட்டேன்னு நெனச்சு அவன் விட்டுட்டான். நான் ஒரு தட்டுத் தட்டியிருந்தா அவன் தெம்பா இருந்துருப்பான்."

ராக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். ஒன்பது மாதம் ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கு இது தெரியாது. மாமி சத்தமில்லாமல் மெஷினை நிறுத்தினார்.

பீமாராவ் சார்தான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "மலைச்சாமி, கை எங்க இருந்துச்சு?"

"மண்ணுக்குள்ள."

"அசைக்க முடிஞ்சுதா?"

"விரலக்கூட அசைக்க முடியல சார்."

"அத இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது உடைந்து அழுதார். ராக்கம்மாள் அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா, கூறுகெட்ட மனுசா" என்று அவரும் அழுதார்.

வெகுநேரம் கழித்து மலைச்சாமி எழுந்து முகம் கழுவினார். பிறகு குழாயைக் கையால் பிடித்துப் பார்த்தார். மண் விழுந்த நாளுக்குப் பிறகு அவர் ஒரு குழாயைத் தொட்டது அன்றுதான் என்று ராக்கம்மாள் அப்புறம் சொன்னார்.

"கிளாம்ப எவன் போட்டான்? கூலி வாங்கிட்டு ஓடிட்டான் போல" என்றார். "வால்வ முழுசாத் தொறந்து வச்சிருக்கீங்க. பாதி மூடுங்க. தண்ணி மெதுவா வந்தா முட்டாது."

அவரே மூடினார். மாமி மெஷினை மறுபடி ஓடவிட்டார். தொட்டி நிறைந்தது, மெஷின் குழாயை மூடியது, சுவர் அசையவில்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். மாடி வால்வு பாதிதான் திறந்திருக்கிறது; குழாய்க்கு அடியில் ரப்பர் வைத்துக் கிளாம்ப் முறுக்கியிருக்கிறது. செவ்வாய், வெள்ளியில் மாமி பன்னிரண்டு மணிக்குமேல்தான் மெஷின் போடுகிறார். மலைச்சாமியின் நாற்காலிக்குப் பின்னால் சுவர் உண்டு. இடப்பக்கச் சுவருக்கும் அவருக்கும் நடுவில் ராக்கம்மாள் உட்காருகிறார். உட்கார்ந்திருப்பவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நான் தலை நிமிர்ந்து எல்லோரையும் பார்க்கிறேன். தட்டலைப் பற்றி அவர் புதன்கிழமைகளில் பீமாராவ் சாரிடம் பேசுகிறார், மாத்திரையை விடவில்லை. சென்ற ஆறு முறையும் இரண்டு காதிலும் பத்து ஊசிகளும் முப்பது நிமிடம் நின்றன.