இடக்கைக் குதிரைவீரர்கள்

ஏலக் கம்பெனியின் பின்னறையில் பதினான்கு வருடமாகப் பழைய புகைப்படங்களுக்குப் பசை நீக்கி, கிழிசல் ஒட்டிக் கொடுப்பவள் மூத்தவள். முன்னறையில் அதே படங்களுக்கு விவரம் எழுதி கேட்டலாக் போடுகிறவள் இளையவள். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. இளையவளுக்கு இந்த வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுத்ததே மூத்தவள்தான். கேட்ட அந்த நாக்கை அவள் கடிந்துகொள்ளாத நாள் இந்த இரண்டு வருடத்தில் குறைவு.

இந்தமுறை ஏலத்துக்கு வந்தது நூற்றெழுபது வருடப் பழசான ஒரு கோயில் மண்டபப் படம். எட்டுத் தூண்களில் எட்டுக் குதிரைவீரர்கள். கோடியில் வலக்காலைத் தூக்கி ஆடும் நடராசர். வழக்கமாக அவர் தூக்குவது இடக்கால். ‘கால் மாறி ஆடுகிறவருக்கு இத்தனை பழைய படம் வேறு கிடைத்ததில்லை’ என்று இளையவள் எழுதினாள். ஏலக்காரர் படத்தை கேட்டலாக் அட்டையிலேயே போடச் சொல்லி, ஆரம்ப விலையை நாலு மடங்காக்கினார்.

“சின்னவளுக்கு என்ன மூளைடி!” என்று மாமியார் மூத்தவளிடமே சொன்னாள். மூத்தவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

புதன்கிழமை காலை படம் பின்னறைக்கு வந்தது. மூத்தவள் பூதக்கண்ணாடியைத் தூண் தூணாக நகர்த்தினாள். முதல் வீரன் இடக்கையில் வாள் ஓங்கியிருந்தான். இரண்டாமவனும் அப்படியே. எட்டுப்பேரும் அப்படியே. எந்தச் சிற்பி ஒரு படையையே இடக்கையர்களாகச் செதுக்குவான்? அந்தக் காலத்தில் நெகட்டிவே காகிதத்தில்தான். எந்தப் பக்கம் வைத்தாலும் அச்சு விழும். யாரோ புறம் மாற்றி வைத்துவிட்டதில், கண்ணாடியில் தெரிவதுபோல் மண்டபமே திரும்பிவிட்டது. சாமி காலை மாற்றவே இல்லை.

நாக்கில் வெல்லம் வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு.

மத்தியானம் இளையவள் கேட்டலாக் பிரதியோடு வந்தாள். “நாளைக்கு அச்சுக்குப் போகுதுக்கா. ஒரு தடவை படிச்சிடுங்களேன்.”

“நான் பசை தடவுறவ. எனக்கென்னம்மா தெரியும்?”

“சும்மா இருங்கக்கா. எறும்பு நொண்டினாக்கூட உங்களுக்குத் தெரிஞ்சிடும்.”

மூத்தவள் மூன்று முறை படித்தாள். வாயைத் திறந்தால் இவள் தப்பித்துவிடுவாள். ஒரு கமாவை மட்டும் சேர்த்து, “நல்லாருக்கு” என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஏலத்தன்று காலை, படங்களைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களில் ஒரு ரிட்டையர்டு எஞ்சினியர் குனிந்து பார்த்து நிமிர்ந்தார். “என்ன சார், பட்டாளம் மொத்தமும் நொட்டாங்கையா?”

யாரோ செல்போனில் படத்தை இடம் வலமாகத் திருப்பிக் காட்டினார்கள். கூடமே சிரித்தது. ஏலக்காரர் படத்தை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

“யார் சரிபார்த்தது?”

“தப்பு என்னுதுதான் சார்,” என்றாள் இளையவள். “அக்காவும் பார்த்தாங்க. அவங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படி சார் தெரியும்?”

“அவங்களுக்கும் வயசாகுதில்ல, பாவம்,” என்றார் ஏலக்காரர்.

மூத்தவளுக்கு ரோஷம் எங்கிருந்துதான் வந்ததோ. “யாருக்குத் தெரியலை? புதன்கிழமை காலை பத்தேகாலுக்கே தெரியும். எட்டுப்பேர் கையையும் எண்ணினேன்!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஏலக்காரர் கையை நீட்டினார். “பின்னறைச் சாவியைக் கொடுத்துட்டுப் போங்கம்மா.”

வீட்டுக்கு ஒரே பஸ்தான். இளையவள் முன்சீட்டில் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்திலிருந்த யாரோ ஒரு அம்மாள் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டாள். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மூத்தவளால் அதைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேலை போனது எனக்கு, ஆறுதல் மட்டும் அவளுக்கா?