ஏழாவது ஆள்

“முழுப்பேரைச் சொல்லுங்க மாமா. அப்புறம் உள்ள போகலாம்.”

துக்க வீட்டு வாசலில் அட்டையும் பேனாவுமாக வழிமறித்து நின்ற மகளை, வந்தவர் மேலும் கீழும் பார்த்தார். அவள் அப்பாவோடு இருபது வருடம் வேலை பார்த்தவர். “என்னைத் தெரியலையா உனக்கு? கொசும்மா,” என்றார்.

“கொசுன்னு எழுதினா கவர்மெண்ட்ல ஒத்துக்க மாட்டாங்க மாமா.”

அவர் சொன்ன பேர் இரண்டு முதலெழுத்தும் மூன்று சொல்லுமாக நீண்டது. இத்தனை கம்பீரமான பேரை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஆயுள் முழுக்கக் கொசுவாகவே காலம் தள்ளியிருக்கிறார். அவள் எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வழிவிட்டாள்.

இத்தனைக்கும் காரணமான ஆள் உள்ளே கூடத்தில் நிம்மதியாகப் படுத்திருந்தார். அப்பா மின் நிலையத்தில் நீராவிக் குழாய்களுக்குக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், பூசியவர். கல்நார்த் தூளைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து, சூடு வெளியேறாதபடி குழாயைச் சுற்றி அப்ப வேண்டும். வேலை ஓய்ந்த நேரத்தில் அதையே உருண்டை பிடித்து ஒருத்தர் மண்டையைப் பார்த்து ஒருத்தர் எறிவார்கள். இருபத்தைந்து வயதுப் பையன்கள் எல்லாம் சாயங்காலம் தலை நரைத்து வீட்டுக்குப் போவார்கள். அப்படி உள்ளே போன தூள் முப்பது வருடத்துக்கு மேல் சத்தம் போடாமல் நெஞ்சில் இருந்துவிட்டு, போன வருடம் தன் வேலையைக் காட்டியது.

இப்படித் தூளால் வரும் நோயை ஆராய அரசு பணம் ஒதுக்கியிருந்தது. ஆராய்ச்சி மையத்திலிருந்து அப்பாவுக்கு ஒரு படிவம் வந்தது. அந்தத் தூளோடு பழகியவர்கள் யார் யார் என்று எழுதிக் கொடுத்தால், அவர்களுக்கு வருடா வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். நோய் தலைகாட்டும்போதே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. செலவு முழுக்க அரசுடையது. அப்பா ஒரே மூச்சில் எழுதித் தள்ளினார்: கொசு, தந்தி, நாளைக்கு, டபுள் டீ, அரை டவுசர், ஒட்டகம், சோப்பு. ஆக மொத்தம் ஏழு பேர். அம்மாதான் அதை வாசித்துப் பார்த்து, உறையில் போட்டு, தபாலில் சேர்த்தாள்.

பத்தே நாளில் படிவம் திரும்பி வந்தது. முழுப்பெயரும் கையெழுத்தும் தேவை என்று மரியாதையாக ஒரு குறிப்பு. அப்பா அசரவில்லை. மின் நிலையத்தில் எல்லாவற்றுக்கும் பித்தளை டோக்கன் நம்பர்தான். எவன் பேரை எவன் கேட்டான்? “நான் செத்தா எல்லாரும் வருவானுங்க,” என்றார் மகளிடம். “வாசல்ல வெச்சுப் புடிச்சிடு. ஒருத்தரையும் விட்டுடாத.” சொல்லிவிட்டு, இருமல் வந்து நிறுத்தும்வரை சிரித்தார்.

சொன்னபடியே நேற்று மதியம் கண்ணை மூடிவிட்டார். இன்று மாலை ஐந்து மணியோடு ஆராய்ச்சிக்கு ஆள் சேர்ப்பது முடிகிறது. நான்கு மணிக்கு அவரை எடுத்துப்போக வண்டி வருகிறது. பேருந்துப் பணிமனையில் நூற்றிருபது ஓட்டுநர்களுக்கு வேலை நேரம் பிரித்துக் கொடுக்கும் மகளுக்கு ஏழு கிழவர்கள் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் விட்டுப்போகிறவருக்கும் அப்பாவுக்கு ஆனது போலவே, எல்லாம் முடிகிற நேரத்தில்தான் தெரியவரும். அந்தப் பயம் அவளுக்குக் காலையிலிருந்து இருந்தது.

நாளைக்கு என்பவர் அதிசயமாக இன்றைக்கே வந்துவிட்டார். டபுள் டீக்கு இரண்டு டீ செலவானது. அரை டவுசர் முழுக்கால் சட்டையில் வந்ததால் அடையாளம் தெரியாமல் உள்ளே நழுவிவிட, கூடத்துக்குள் துரத்திப்போய்ப் பிடிக்க வேண்டியதாயிற்று. தந்தி தன் பேரோடு ஊர்ச் செய்தி அத்தனையும் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தொட்டார். ஆனால் சோப்பு யாரென்று அவருக்கே தெரியவில்லை.

மூன்று மணிக்கு மேல், கடைசியாக ஒட்டகம் வந்தார். அப்பாவோடு ஒரே குழாயில் எதிரும் புதிருமாக நின்று வேலை செய்தவர். அட்டையைப் பார்த்ததும் வெளிச்சுவர் ஓரமாக ஒதுங்கினார்; அந்த உயரத்துக்கு எங்கே ஒளிவது? கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். இருமல் இருக்கிறதாம், ஆனால் அது சாதா இருமலாம். தெரிந்துகொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைவிடத் தெரியாமல் இருப்பது மேலாம். அவள் கெஞ்சினாள். பிறகு, ஓட்டுநர்களை அதட்டுகிற குரலில் அதட்டினாள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரி விடுங்க மாமா. இந்தச் சோப்பு யாருன்னாவது சொல்லுங்க.”

அவர் தலை சட்டென்று இறங்கியது. அட்டையை வாங்கி, பட்டியலின் கடைசி வரியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“சோப்பையும் எழுதியிருக்கானா? அது உங்க அம்மாடா கண்ணு.”

சனிக்கிழமை வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய், திங்கட்கிழமை சோப்பு மணக்க வருவாராம் அப்பா. சோப்பு நேத்து திட்டினா, சோப்பு சினிமாவுக்குக் கூப்பிட்டா என்று ஒட்டகத்திடம் மட்டும் பேசுவாராம். மகளுக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. தண்ணீரில் போடுவதற்குமுன் அம்மா அந்தச் சட்டையை வீட்டுக்குப் பின்னால் நின்று இரண்டு உதறு உதறுவாள். வெள்ளையாகப் பறக்கும். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான்.

மற்ற ஆறையும் அப்பா பழக்கதோஷத்தில் எழுதியிருக்கலாம். இதை அம்மா வாசிப்பாள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார். அம்மா அன்றைக்கே கேட்கவும் கேட்டாள், யார் இந்தச் சோப்பு என்று. “கூட இருந்த ஆளுதான். தங்கமான ஆளு, வாய்தான் கொஞ்சம் நீளம்,” என்றார் அப்பா.

ஒட்டகம் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் கையிலிருந்த பேனாவை எடுத்து, அட்டையைச் சுவரில் வைத்து, தன் முழுப்பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வந்தவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்க முடியாமல் அம்மா பின்பக்கம் போயிருந்தாள். அப்பாவின் கட்டிலிலிருந்து எடுத்த விரிப்புகளை விடிந்ததுமே துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, அந்தச் சோப்பு வந்தானா?”

மகள் அட்டையை நீட்டி, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தாள். “இங்க நீ போடணும்மா. உன் முழுப்பேர் எழுதி.”

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரியைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். மறுபடியும் அந்த வரியைப் பார்த்தாள்.

“எனக்கா வாய் நீளம்?” என்றாள். “இருக்கட்டும். உள்ள போய் கேட்டுக்கறேன்.”

சிரிக்க ஆரம்பித்தவள், கையிலிருந்த விரிப்பாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாக நிதானமாக எழுதினாள். மகள் படிவத்தைப் போனில் படமெடுத்து அனுப்பினாள். மணி மூன்று ஐம்பது. ஏழு பேர் விவரமும் கிடைத்தது என்று உடனே பதில் வந்தது.

கொடியில் கடைசி விரிப்பு ஒன்று இருந்தது. அம்மா அதை உருவி, உதறுவதற்குக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. மகள் போய் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் அதை உதறாமல், முனையோடு முனை சேர்த்து, மெதுவாக மடித்தார்கள்.